விலையை நீங்களே சொல்லுங்கள் - ஹம்பிள் இண்டி பண்டில் கதை

கடையில் ஐந்து பொருளை அள்ளிக்கொண்டு, "நான் நினைத்த காசைத்தான் தருவேன், அதிலும் பாதி தர்மத்துக்குப் போகணும்" என்று சொன்னால் கடைக்காரர் என்ன செய்வார்? அடிக்க வராமல் இருந்தாலே பெரிய விஷயம். ஆனால் 2010 மே 4-ம் தேதி ஒரு சின்ன அமெரிக்க கேம் கம்பெனி, "அப்படியே செய்யுங்கள்" என்று வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சொன்னது. வுல்ஃபயர் கேம்ஸ் என்பது கம்பெனியின் பெயர். ஜெஃப்ரி ரோசன், ஜான் கிரஹாம் இருவரும் முன்னின்று நடத்திய அந்த விற்பனைதான் ஹம்பிள் இண்டி பண்டில்.

இண்டி கேம் என்றால் பெரிய பதிப்பாளர் யாரும் பின்னால் இல்லாமல், இரண்டு மூன்று பேர் கைக்காசைப் போட்டுச் செய்யும் விளையாட்டு. செய்வதில் திறமைக்குக் குறைவில்லை, விற்பதில்தான் சிக்கல். கடை அலமாரியில் இடம் கிடைக்காது, விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. ஸ்டீம் என்ற இணையக் கடை அப்போதே இருந்தது. ஆனால் யாரை உள்ளே விடுவது என்பதை அதை நடத்திய வால்வ் கம்பெனிதான் முடிவு செய்தது. ஆக, நல்ல கேம் இருக்கும், அது இருப்பதே ஊருக்குத் தெரியாது.

பண்டிலில் இருந்தவை வேர்ல்ட் ஆஃப் கூ, அக்வாரியா, கிஷ், லுகாரு, பெனும்ப்ரா: ஓவர்ச்சர். பிறகு செக் நாட்டு அமானிடா டிசைனின் சாமரோஸ்ட் 2-வும் சேர்ந்துகொண்டது. குறைந்தபட்ச விலை ஒரு சென்ட்! விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், காப்பிப் பூட்டு எதுவும் கிடையாது. கொடுக்கும் பணத்தை யாருக்கு எவ்வளவு என்று ஸ்லைடரை நகர்த்தி வாங்குபவரே பிரிக்கலாம். கேம் செய்தவர்களுக்கு ஒரு பங்கு, இணைய உரிமைகளுக்காக வழக்காடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனுக்கு ஒரு பங்கு, மருத்துவமனையில் கிடக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் சைல்ட்ஸ் ப்ளேக்கு ஒரு பங்கு. மொத்தமும் தொண்டுக்கே என்றாலும் சரி.

1,38,813 பேர் வாங்கினார்கள். வசூல் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் டாலர். அதில் 30 சதவீதத்துக்கு மேல் தொண்டுக்குப் போனது. லினக்ஸ்காரர்கள் சராசரியாக 14 டாலருக்கு மேல் கொடுத்தார்கள், விண்டோஸ்காரர்கள் 8 டாலர் அளவில். (ஓசி மென்பொருள் கோஷ்டி என்று கிண்டல் செய்கிறவர்கள் கவனிக்க!) பத்து லட்சத்தைத் தாண்டியதும் நான்கு கேம்களின் மூல நிரலையே திறந்துவிட்டார்கள்.

"பார், மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள்" என்றுதான் பலரும் இந்தக் கதையை முடிப்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2009 அக்டோபரில் வேர்ல்ட் ஆஃப் கூ தனியாக இதே முறையில் விற்கப்பட்டது. 20 டாலர் கேமுக்குச் சராசரியாகக் கிடைத்தது 2 டாலர் சொச்சம். பண்டிலில் சுமார் 80 டாலர் மதிப்புக்குக் கிடைத்தது 9 டாலர் சொச்சம். விகிதம் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! போதாததற்கு, தரவிறக்கியவர்களில் கால்வாசிப் பேர் அந்த ஒரு சென்ட்டைக்கூடத் தரவில்லை என்று வுல்ஃபயரே மதிப்பிட்டது. அதற்காகப் பூட்டுப் போடவும் மறுத்தது, காசு கொடுத்தவருக்குத்தான் அது தொல்லை என்று.

அப்படியானால் மாறியது என்ன? ஆட்களின் எண்ணிக்கை. முந்தைய விற்பனைக்கு வந்தவர்கள் சுமார் 57,000 பேர், இதற்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு, வேர்ல்ட் ஆஃப் கூவுக்காக வந்தவர் கையில் அக்வாரியாவும் பெனும்ப்ராவும் சும்மா வந்து விழுந்தன. இன்னொரு பிரதி கொடுக்க ஆகும் இறுதிநிலைச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் விற்பவருக்கும் நஷ்டமில்லை. பெயர் தெரிந்த ஒன்று, தெரியாத நான்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. விளம்பரப் பணத்தால் செய்யவேண்டிய வேலையை ஒரு மூட்டை செய்துவிட்டது. தொண்டு என்ற பெயர் இல்லாவிட்டால் இத்தனை பேர் எட்டிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

அதே டிசம்பரில் பிரெய்ட், மஷினாரியம் அடங்கிய இரண்டாவது பண்டில் 18 லட்சம் டாலரைத் தாண்டியது. ஹம்பிள் தனிக் கம்பெனி ஆகி, 2017-ல் ஐஜிஎன் கைக்குப் போனது. 2020 ஜூனில் இட்ச்.ஐஓ தளம் இதே வழியில், அமெரிக்காவில் இன நீதிக்காக 1,700-க்கு மேற்பட்ட படைப்புகளைக் கட்டி 5 டாலர் முதல் விற்று, 81 லட்சம் டாலர் திரட்டி முழுவதையும் கொடுத்துவிட்டது.

ஹம்பிளோ 2021-ல் அந்த ஸ்லைடரையே எடுக்கப் பார்த்தது. தொண்டுக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது புதுத் திட்டம். வாங்குபவர்கள் சண்டைக்கு வந்ததும் ஸ்லைடர் திரும்பியது. ஆனால் முன்பெல்லாம் கம்பெனியின் பங்கைப் பூஜ்யம் வரை இறக்க முடிந்தது. திரும்பி வந்த ஸ்லைடர் 15 முதல் 30 சதவீதத்துக்குள் ஓரிடத்தில் நின்றுகொண்டது, அதற்குக் கீழே இறங்கவில்லை.