கணவர் பென்ஷனில் மனைவிக்குப் பங்கு உண்டா? ஒரு காகிதத்தின் கதை

அமெரிக்காவில் விவாகரத்து வழக்கு பார்க்கிற வக்கீல்கள் அடிக்கடி சொல்ற ஒரு வார்த்தை, ‘குவாட்ரோ’. ஓய்வூதியத்தைப் பிரிச்சுக் கொடுக்கச் சொல்ற ஒருவகை நீதிமன்ற உத்தரவு அது. அது எப்படி வந்துச்சுன்னு படிக்க ஆரம்பிச்சப்போ, எனக்குக் கொஞ்சம் கோபமே வந்துச்சு.

1963-ல் ஸ்டூட்பேக்கர் கம்பெனி தன்னோட சவுத் பெண்ட் கார் ஆலையை மூடினப்போ, ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் பென்ஷன் கரைஞ்சு போச்சு. அந்த அதிர்ச்சி பல வருஷ விவாதமாகி, 1974-ல் ‘எரிசா’ என்ற சட்டமா வந்தது. தனியார் கம்பெனி பென்ஷனுக்கு அது ஒரு பூட்டு. தொழிலாளி அதை வேறொருத்தருக்கு எழுதிக் கொடுக்க முடியாது; கடன்காரரும் கை வைக்க முடியாது.

நல்ல விதிதான். ஆனா விவாகரத்தில் கம்பெனி பென்ஷனைப் பிரிக்க அதில் வெளிப்படையான விதிவிலக்கு எதுவும் இல்லை. இருபது வருஷம் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கிட்ட மனைவி பங்கு கேட்டு வந்தா? அவங்களும் கடன்காரர் வரிசையில்தான் நிற்கணுமா? நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பதில் சொன்னாங்க.

ராணுவ பென்ஷனுக்குச் சட்டம் வேற, சிக்கல் அதேதான். கலிஃபோர்னியா சட்டப்படி திருமண காலத்துச் சம்பாத்தியம் ரெண்டு பேருக்கும் சொந்தம். ஆனா 1981-ல் மெக்கார்ட்டி வழக்கில், ராணுவ ஓய்வூதியத்தை மாநில நீதிமன்றம் பிரிக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மனைவிகளின் நிலைமை கஷ்டம்தான், அதை நாடாளுமன்றம்தான் சரிசெய்யணும்னும் தீர்ப்பே ஒத்துக்கிட்டது. அடுத்த வருஷமே நாடாளுமன்றம் சட்டம் போட்டு, பிரிக்க வழி விட்டது.

தனியார் பென்ஷனுக்கு அந்த வழி 1984-ல் திறந்தது. அதுக்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஜெரால்டின் ஃபெராரோ. அந்த வருஷம் அவர் எதிர்க்கட்சியின் துணை அதிபர் வேட்பாளர். ஆகஸ்ட் 23 அன்று சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர், அவர் கட்சி எதிர்த்து நின்ற அதிபர் ரீகன்!

அந்தச் சட்டம் பூட்டை உடைக்கலை, ஒரு சாவி கொடுத்தது. அதுதான் குவாட்ரோ. யாருக்கு, எந்தத் திட்டத்திலிருந்து, எவ்வளவு பணம் அல்லது எத்தனை சதவீதம், எத்தனை காலத்துக்குன்னு அந்த உத்தரவில் தெளிவா இருக்கணும். பென்ஷன் திட்டத்தின் நிர்வாகி படிச்சுப் பார்த்து ஏத்துக்கிட்டா, முன்னாள் மனைவிக்கோ கணவருக்கோ பங்கு நேரடியா போகும்.

இதில் ஒரு பாடம் இருக்கு. 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வழக்கு இது. விவாகரத்து ஆவணத்தில் மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்துட்டாங்க. ஆனா கணவர் கம்பெனியின் சேமிப்புத் திட்டத்தில் நாமினி பெயரை மாத்தவே இல்லை. அவர் இறந்ததும் சுமார் 4 லட்சம் டாலர் முன்னாள் மனைவிக்கே போச்சு. மகள் தரப்பு வழக்குப் போட்டும் தோத்தாங்க. திட்டத்தின் ஆவணம் என்ன சொல்லுதோ, நிர்வாகி அதன்படிதான் நடக்கணும்னு ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னாங்க.

வீட்டு வேலைக்கும் பென்ஷனில் பங்கு உண்டுன்னு சட்டத்தில் எழுத வைக்கப் பத்து வருஷம் ஆச்சு. எழுதின பிறகும், சரியான காகிதம் சரியான மேஜைக்குப் போனாதான் அந்த உரிமை பணமாகுது. அமெரிக்காவில் இருக்கிற உங்க ஃப்ரெண்ட்ஸுக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!