நாய்ச்சின்னமும் நாட்டெல்லைகளும்

பழைய கிராமபோன் இசைத்தட்டுக்களைக் கண்டோர் எவரும் அவற்றின் நடுவே காணப்பெற்ற நாயை மறந்திருத்தல் அரிது. ஊதுகுழலின் முன்னே தலையைச் சரித்து அமர்ந்து தன் எசமானின் குரலைச் செவிமடுக்கும் அந்நாயின் ஓவியத்தை, பிரான்சிஸ் பரோட் என்னும் ஆங்கில ஓவியரிடமிருந்து இலண்டன் கிராமபோன் கம்பெனியார் 1899ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கினர். படத்துக்கு 50 பவுண்; அதன் உரிமைக்கு வேறாக 50 பவுண். உரிமையைப் பொருளினின்று பிரித்து விலை பேசிய அவ்வணிகரின் முன்யோசனை வியக்கத்தக்கதே. ஏனெனில், பின்வந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக எந்த நாட்டவர் எந்தப் பாடகரின் குரலைக் கேட்கலாம் என்பதை, அச்சின்னத்தைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டவர்களே பெருமளவிற் தீர்மானித்தனர்.

இலண்டன் கம்பெனிக்கு அமெரிக்காவில் ஒரு துணை இருந்தது. அதுவே எல்ட்றிட்ஜ் ஜோன்சன் 1901இல் நிறுவிய விக்டர் கம்பெனி. இவ்விரு கம்பெனிகளும் செய்துகொண்டு, 1907இல் உறுதிப்படுத்திய உடன்படிக்கையின்படி உலகம் இரு கூறாயிற்று. வட, தென் அமெரிக்காக்களும் சீனம், யப்பான், பிலிப்பைன் தீவுகளும் விக்டருக்கு. எஞ்சிய உலகம் இலண்டனுக்கு. இந்தியாவும் இலங்கையும் இலண்டனின் பங்கில் அடங்கின என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாட்டுக்கள் ஜேர்மனியில் ஹனோவர் நகரத்தில் தட்டுக்களாக அச்சாகி, மீண்டும் கப்பலேறிக் கல்கத்தாவை அடைந்தது இப்பங்கீட்டு முறையின் பயனேயாகும். கல்கத்தாவிலேயே அச்சுச்சாலை அமைந்தது 1908இற்றான்.

உடன்படிக்கையின் நடைமுறை எளிது. பாட்டின் உலோக அச்சினை ஒருவர் மற்றவருக்கு அனுப்புவார். பெற்றவர் தம் எல்லைக்குள் தட்டு அச்சிட்டு விற்பார். அச்சிடுவதா விடுவதா என்பது பெற்றவரின் விருப்பம். இதனால் நன்மையும் விளைந்தது. இத்தாலியப் பாடகர் கறூசோ 1902இல் மிலான் நகரிற் பாடியதை இலண்டன் கம்பெனி பதிந்தது. 1904 முதல் அவர் விக்டருக்கே உரியவரானார். ஆயினும் ஐரோப்பியர் அவரை இழக்கவில்லை. அமெரிக்காவிற் பதிந்த குரல், அச்சுவடிவிற் கடல் கடந்து வந்து ஐரோப்பாவில் விற்பனையாயிற்று. ஆனால் ஒரு கம்பெனி வேண்டாமென்று ஒதுக்கிய பாட்டை அதன் எல்லைக்குள் வேறெவரும் கொண்டுவந்து விற்க இயலாது. இசையை விரும்பிய மக்களுக்கும் அதனைப் பாடிய கலைஞனுக்கும் இதில் ஒரு குரலும் இருக்கவில்லை.

முதலாம் உலகப் போர் இந்த ஏற்பாட்டிற் பெரும் பிளவை உண்டாக்கியது. பகைநாட்டார் சொத்தெனக் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் கிளை 1917இல் பொலிபோன் என்னும் லைப்சிக் நகரக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. கிளையோடு நாயும் போயிற்று. இதன்பின் ஜேர்மனிக்குள் நாய்ச்சின்னம் இலண்டனுக்குரியதன்று; ஜேர்மனிக்கு வெளியே அது ஜேர்மன் கம்பெனிக்குரியதன்று. ஆகவே இலண்டனார் 1925இல் எலெக்ட்றோலா என்னும் புதுப்பெயரோடு ஜேர்மனிக்குட் புகுந்தனர்; ஜேர்மனியர் வெளிநாட்டிற் பொலிடோர் என்னும் பெயரால் தட்டு விற்றனர். ஒரு நாயைக் கூண்டிலிருந்து மீட்பதற்கு இலண்டனார் 1949 வரை காத்திருந்தனர் என்றால், அச்சின்னத்தின் பெறுமதி விளங்கும்.

1931இல் இலண்டன் கம்பெனி தன் போட்டியாளராகிய கொலம்பியாவோடு இணைந்து ஈ.எம்.ஐ. ஆயிற்று. அதனால் அமெரிக்கக் கொலம்பியா, விக்டர் ஆகிய இரண்டின் இசைக்கும் பிரித்தானியாவில் அதுவே வாயிலாயிற்று. வாயில் காப்போன் உறங்கினால் வீட்டார் பசித்திருக்க வேண்டியதே. அமெரிக்கக் கொலம்பியா 1948இல் நெடுநேரம் ஓடும் இசைத்தட்டை வெளியிட்டது. ஈ.எம்.ஐ. அப்புதுமையை நம்பவில்லை, 1952 ஒக்டோபர் வரை அத்தகைய தட்டு எதனையும் பிரித்தானியாவில் வெளியிடவில்லை. அதற்கிடையில் அதன் போட்டியாளராகிய டெக்கா 1950இலேயே வெளியிட்டுவிட்டது. பொறுமையிழந்த கொலம்பியா உடன்படிக்கையை முடித்துக்கொண்டு பிலிப்ஸ் கம்பெனியைச் சேர்ந்தது. விக்டரின் வழிவந்த ஆர்.சி.ஏ.யும் 1957இல் டெக்காவிடம் சென்றது. இசைமேதை டொஸ்கானினி மறைந்த ஆண்டும் அதுவே. நாய்ச்சின்னத்தோடு பிரித்தானியர் வாங்கிப் பழகிய அவருடைய தட்டுக்கள் வேறொரு முகவரியைத் தேடிச் சென்றன; எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுக்களும் அவ்வழியே சென்றன.

இனி ஈ.எம்.ஐ. தன் இசையை அமெரிக்காவில் விற்பது எவ்வாறு? நாயும் கொலம்பியா என்ற பெயரும் அங்கே பிறருடையவை. எனவே நாய் வருவதற்கு முன் தான் வழங்கிய தேவதைச் சின்னத்தை நினைவுகூர்ந்து, 1953இல் ஏஞ்சல் என்னும் பெயரால் நுழைந்தது. 1955இல் கப்பிற்றல் கம்பெனியையே வாங்கியது. இனித் தடையில்லை என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் 1963இல் பீற்றில்ஸ் குழுவினரின் பாட்டுக்களை ஈ.எம்.ஐ. அனுப்பியபோது, அதன் சொந்தக் கம்பெனியாகிய கப்பிற்றலே பிரித்தானியப் பாடகர் அமெரிக்காவில் விலைபோகார் எனக் கூறி மறுத்தது. சிக்காகோவிலிருந்த வீ-ஜே, பிலடெல்பியாவிலிருந்த சுவான் என்னும் சிறு கம்பெனிகளுக்கு உரிமை போயிற்று. அவற்றின் தட்டுக்கள் அப்பொழுது விலைபோகவில்லை.

இப்பூட்டைத் திறந்தது ஒரு வானொலி நிலையமே. ஒரு பள்ளிச் சிறுமியின் வேண்டுகோளை ஏற்ற வாசிங்டன் நிலையமொன்று, விமானப் பணிப்பெண் ஒருத்தி மூலம் பிரித்தானியாவிலிருந்து ஒரு தட்டை வருவித்து, 1963 டிசெம்பர் 17ஆந் திகதி ஒலிபரப்பியது. நேயர்கள் மீண்டும் மீண்டும் அதனைக் கேட்டனர். அதற்குள் மனம் மாறி, ஜனவரியில் அப்பாட்டை வெளியிடவிருந்த கப்பிற்றல், டிசெம்பர் 26ஆந் திகதியே அதனைக் கடைகளுக்கு அனுப்பிற்று. 1964 பெப்ரவரி 1இல் அப்பாட்டு பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பெற்றது. முன்னர் விலைபோகாத பாட்டுக்களை வீ-ஜே மீண்டும் அச்சிட்டு விற்கத் தொடங்கவே, கப்பிற்றல் வழக்குத் தொடர்ந்தது; இணக்கத்தின் முடிவில் 1964 ஒக்டோபர் வரை மட்டும் விற்க வீ-ஜேக்கு அனுமதி கிடைத்தது.