கோவிந்த் நிஹலானி: கேமராவைக் கைவிடாத இயக்குநர்

ஒளிப்பதிவாளர் இயக்குநரானால் அவருடைய படம் கண்ணுக்கு அழகாக இருக்கும், கதை சற்றுப் பின்தங்கும் என்பது திரைப்பட விமர்சனத்தில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் கருத்து. பிரிட்டனின் ஜாக் கார்டிஃபும் இந்த எதிர்பார்ப்பைச் சுமந்தவரே. 'பிளாக் நார்சிஸஸ்' (1947) படத்துக்காக இமயமலைச் சூழலைப் பைன்வுட் படப்பிடிப்புத் தளத்திலேயே வண்ணத்தில் எழுப்பி ஆஸ்கர் விருது பெற்றவர் அவர். 1960இல் டி. எச். லாரன்ஸின் நாவலான 'சன்ஸ் அண்ட் லவர்ஸ்' அவர் இயக்கத்தில் கறுப்பு வெள்ளைப் படமாக வந்தபோது, கேமரா ஃப்ரெடி ஃபிரான்சிஸின் கைக்குப் போயிருந்தது. ஒளிப்பதிவுக்கான ஆஸ்கரும் ஃபிரான்சிஸுக்கே கிடைத்தது. பம்பாயில் இதே பாதையைத் தேர்ந்த கோவிந்த் நிஹலானி கேமராவை யாரிடமும் ஒப்படைத்துவிடவில்லை. அவர் தேடிப் போனது வண்ணத்தையன்று, சொற்களை.

நிஹலானி 1940இல் கராச்சியில் பிறந்தவர். பிரிவினையின்போது குடும்பம் உதய்பூருக்கு இடம்பெயர்ந்தது. பெங்களூரு ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு பயின்று 1962இல் வெளியேறினார். அதே நிறுவனத்தில் அவருக்கு முன்பே பயின்றவர் வி. கே. மூர்த்தி, குரு தத்தின் 'பியாசா', 'காகஸ் கே பூல்' படங்களின் ஒளிப்பதிவாளர். அவரிடம்தான் நிஹலானி உதவியாளராகச் சேர்ந்தார். பின்னர் ஷியாம் பெனகலின் 'அங்கூர்' (1974) தொடங்கிப் பல படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். 'ஜுனூன்' தேசிய விருதைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் பரவலாக அறியப்பட்டவை. 'அங்கூர்' படத்துக்கு முன்பே, 1971இல், விஜய் டெண்டுல்கரின் நாடகத்தைச் சத்யதேவ் துபே மராத்தியில் படமாக்கியபோது ('சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே') ஒளிப்பதிவு செய்தவர் நிஹலானி என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நீதிமன்ற விளையாட்டாகத் தொடங்கி ஒரு பெண்ணைச் சொற்களால் சிதைக்கும் நாடகம் அது. அவருடைய இயக்கத்தின் வேரை அங்கிருந்தே தேட வேண்டும்.

முதலில் இயக்கிய 'ஆக்ரோஷ்' (1980) படமும் நீதிமன்றத்தைச் சுற்றியதுதான், திரைக்கதை டெண்டுல்கர். மனைவியைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட பழங்குடித் தொழிலாளி லஹான்யா, படத்தின் பெரும்பகுதியில் தன் வழக்கறிஞரிடம்கூட வாய் திறப்பதில்லை. சட்டத்தின் மொழியில் மௌனம் ஒரு சான்றாகாது. கேமராவுக்கோ ஓம் பூரியின் அந்த முகமே வாக்குமூலம். எனவே நீதிமன்றம் கேட்க இயலாததைப் பார்வையாளர் பார்த்துவிடுகிறார். பார்த்தும் அவரால் ஆவதொன்றுமில்லை. தந்தையின் ஈமச்சடங்குக்குக் காவலுடன் அழைத்துவரப்படும் லஹான்யா, தங்கையைக் கோடரியால் வெட்டிவிட்டு அலறுகிறான். சொல்லாக மாறாத ஒலி அது. நாடகப் பிரதிகளோடு பழகாத ஒளிப்பதிவாளர் இந்த மௌனத்தை ஓர் அழகிய சட்டகமாக மட்டும் கண்டிருக்கக்கூடும். இப்படம் 1981இல் இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்றது.

'அர்த் சத்யா' (1983) பம்பாய் நகரத்துக் காவல் உதவி ஆய்வாளரின் கதை. இதில் ராமா ஷெட்டி என்ற தாதா அரசியலுக்குள் நுழைகிறான். நாயகன் வேலங்கர் இறுதியில் அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டுச் சரணடைகிறான். 4 ஆண்டுகள் கழித்து அதே நகரத்தின் நிழலுலகத்தைத் தமிழ் சினிமா மறுபக்கத்திலிருந்து பார்த்தது. மணிரத்னத்தின் 'நாயகன்' படத்தில் தாதா தாராவித் தமிழரின் காவலன், காவல்துறையே அச்சுறுத்தல். அந்தத் தாராவியின் பெரும்பகுதியைச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் எழுப்பியவர் தோட்டா தரணி; அதற்கு ஒளியூட்டியவர் பி. சி. ஸ்ரீராம். இருவருக்கும் தேசிய விருது கிடைத்தது. ஒரே நகரத்தைப் பற்றிய இவ்விரு படங்களும் இணைத்து வாசிக்கப்பட வேண்டியவை. நிஹலானியின் ஒளி காவல் நிலையத்தை எந்தப் பரிவுமின்றிக் காட்டுகிறது. ஸ்ரீராமின் ஒளியோ பாதி இருளில் தங்கும் முகங்களுக்கு ஒரு காவியத்தன்மையை அளித்துவிடுகிறது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழ்ந்த தமிழர்களுக்கு இந்த வேறுபாடு அழகியல் சார்ந்தது மட்டுமாக இருந்திருக்க முடியாது.

ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' (1982) படத்தில் இரண்டாம் படப்பிடிப்புக் குழுவின் பொறுப்பு நிஹலானியிடம் இருந்தது. அந்தப் பணிக்காக டெல்லியில் இருந்த நாட்களில்தான் பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' நாவல் அவர் கையில் கிடைத்தது. 1988இல் அது தூர்தர்ஷன் தொடராக வந்தது. இதில் மட்டும் அவர் ஒளிப்பதிவைப் பகிர்ந்துகொண்டார், அதுவும் தம் ஆசான் வி. கே. மூர்த்தியுடன். தொடக்கக் காட்சியில் தோல் பதனிடும் நத்து, அடைத்த கொட்டகைக்குள் மங்கிய வெளிச்சத்தில் ஒரு பன்றியைக் கொல்ல முயன்று தவிக்கிறான். எதற்காக அது கேட்கப்பட்டது என்பது அவனுக்குத் தெரியாது. கலவரத்தின் தோற்றுவாயை இவ்வளவு குறைந்த ஒளியில் தொலைக்காட்சியில் காட்டத் துணிவு வேண்டும். ஒளிபரப்பைத் தடுக்கக் கோரிய வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதிகள் தொடரைப் பார்த்துவிட்டே கோரிக்கையைத் தள்ளினர். உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 'சாந்ததா' முதல் நீதிமன்றங்களைப் படமெடுத்தவரின் படத்தை இம்முறை நீதிமன்றமே பார்த்தது!

அதன்பின் ஸ்ட்ரிண்ட்பெர்க், இப்சன், லோர்கா ஆகியோரின் நாடகங்களை இந்தியில் படமாக்கினார். 1998இல் மகாஸ்வேதா தேவியின் நாவலுக்கு வந்தார். எல்லாமே சமமான வெற்றிகள் என்று சொல்வதற்கில்லை. இப்பட்டியலில் நீங்கலாக நிற்பது 'துரோகால்' (1994). தீவிரவாதிகளுக்கும் காவல்துறைக்கும் இடையே சிக்கும் அதிகாரியின் கதை அது. இயக்கம், ஒளிப்பதிவு இரண்டும் நிஹலானி. அடுத்த ஆண்டே தமிழில் 'குருதிப்புனல்' ஆனது. பாடல்கள் இல்லை. 1995ஆம் ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுவே. தமிழ் விமர்சனம் இதைப் பெரும்பாலும் கமல்ஹாசனின் படமாகவே எழுதிவந்திருக்கிறது. திரைக்கதையும் அவருடையது என்பதால் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் படத்தின் பெயர்ப் பட்டியலில், மூலப்படத்தைப் போலவே, இயக்கத்துக்கும் ஒளிப்பதிவுக்கும் ஒரே பெயர்தான் இருக்கிறது: பி. சி. ஸ்ரீராம்.