பேங்க்ல போட்ட பணம் பத்திரமா? அர்பத்நாட் முதல் அஞ்சு லட்சம் வரை

அப்பா ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்தை எங்க போடறதுன்னு வீட்ல ஒரு பட்டிமன்றமே நடந்துச்சு. "பேங்க்ல போடுங்க, கவர்மெண்ட் பாத்துக்கும்"னார் மாமா. எவ்வளவு வரைக்கும் பாத்துக்கும்னு கேட்டேன். பதில் இல்லை. சரி, ஆணி கம்மியா இருந்த ஒரு வாரத்துல உக்காந்து படிச்சேன். நூறு வருஷத்துக்கு மேல போகுது கதை.

சென்னையில அப்போ பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள்னா பாரி, பின்னி, அர்பத்நாட். இதுல அர்பத்நாட் வியாபாரக் கம்பெனி. ஆனா பேங்க் மாதிரி டெபாசிட்டும் வாங்குவாங்க. அரசாங்க அதிகாரிகள், பென்ஷன்காரங்க, ஜமீன்தார்கள்னு எல்லாரும் நம்பிப் போட்டாங்க. துரை நடத்தற கம்பெனி, முழுகுமா என்ன? 1906 அக்டோபர் 22 அன்னிக்கு முழுகிடுச்சு. லண்டன்ல இருந்த பங்குதாரர் ஊக வணிகத்துல விட்ட பணம் ஒரு முக்கியக் காரணம். அவர் தற்கொலை பண்ணிக்கிட்டார். இங்க சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாசம் கடுங்காவல். அந்தக் காலத்துல 'சர்' பட்டம் வாங்கின ஒரு வெள்ளைக்காரர் ஜெயிலுக்குப் போனது சாதாரண விஷயமில்லை. ஆனா அதனால டெபாசிட் போட்டவங்களுக்கு என்ன லாபம்? போட்ட பணம் முழுசா திரும்பி வரலை.

இதுல ஒரு நல்லதும் நடந்துச்சு. நமக்குன்னு ஒரு பேங்க் வேணும்னு வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னால நின்னார், நகரத்தார்களும் கை கொடுத்தாங்க. 1907 ஆகஸ்ட் 15ல இந்தியன் வங்கி தொடங்கிச்சு.

அப்புறம் 1938. திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் மூடிச்சு. ரிசர்வ் வங்கி 1935லயே வந்தாச்சு, ஆனா பேங்குகளைப் பிடிச்சு நிறுத்தற அதிகாரம் பெருசா கிடையாது. அது 1949 சட்டத்துலதான் வந்துச்சு.

அதிகாரம் வந்தப்புறமும் பணம் போறது நிக்கலை. 1960 ஆகஸ்ட்ல கேரளாவோட பாலை சென்ட்ரல் பேங்க்கை மூடச் சொல்லி ரிசர்வ் வங்கியே கோர்ட்டுக்குப் போச்சு. மூடறதுக்கு சட்டம் இருக்கு, பணம் போட்டவனுக்கு என்ன இருக்குங்கற கேள்வி அப்பதான் பெருசாச்சு. பதிலா 1961ல சட்டம், 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட் இன்சூரன்ஸ். பேங்க் திவாலானா ஒருத்தருக்கு 1,500 ரூபாய் வரைக்கும் கிடைக்கும். பிரீமியம் பேங்க் கட்டணும், நாம இல்ல.

அந்த 1,500 எப்படி வளந்துச்சுன்னு பாருங்க: 1968ல 5,000, 1970ல 10,000, 1976ல 20,000, 1980ல 30,000, 1993ல 1 லட்சம். அதோட 27 வருஷம் அப்படியே நின்னு போச்சு! விலைவாசி மட்டும் நிக்கலை. 2019 செப்டம்பர்ல மும்பையோட பிஎம்சி கூட்டுறவு வங்கியில 1,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாதுன்னு சொன்னப்பதான் நாடே முழிச்சுக்கிச்சு. 2020 பிப்ரவரி 4 முதல் வரம்பு 5 லட்சம். பேங்க் முடங்கினா 90 நாள்ல இன்சூரன்ஸ் பணம் தரணும்னு 2021ல சட்டத் திருத்தமும் வந்துச்சு. பிஎம்சியில 5 லட்சத்துக்கு மேல வச்சிருந்தவங்களுக்கு மிச்சம் 10 வருஷம் வரைக்கும் தவணையிலதான்.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். 2020 நவம்பர்ல நம்ம கரூர் லட்சுமி விலாஸ் வங்கி தடுமாறினப்ப டிபிஎஸ்ஸோட சேத்து விட்டுட்டாங்க, டெபாசிட் போட்டவங்களுக்கு நஷ்டமில்லை. பெரும்பாலும் இப்படித்தான் முடியும். ஆனா பென்ஷன் பணத்தை 'பெரும்பாலும்'ங்கறதை நம்பி வைக்க முடியுமா?

வீட்ல பெரியவங்க பேர்ல பணம் இருக்கறவங்களுக்கு நான் புரிஞ்சுக்கிட்டது:

1. 5 லட்சம்கறது அசலும் வட்டியும் சேத்து. 4.5 லட்சம் போட்டா வட்டிக்கும் இடம் இருக்கும்.

2. ஒரே பேங்க்ல நாலு கிளையில போட்டாலும் எல்லாத்தையும் கூட்டித்தான் 5 லட்சம். பிரிக்கறதா இருந்தா வேற வேற பேங்க்.

3. அப்பா பேர்ல தனியா ஒண்ணு, அப்பா-அம்மா ஜாயிண்ட்டா ஒண்ணுன்னா ரெண்டுக்கும் தனித்தனி வரம்பு.

4. ஊர்ல இருக்கற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கம், சீட்டுக் கம்பெனி, ஃபைனான்ஸ் கம்பெனி எதுக்கும் இந்த இன்சூரன்ஸ் கிடையாது.

நாலாவதுதான் முக்கியம். 1990கள்ல எத்தனை ஃபைனான்ஸ் கம்பெனிகள் வட்டி ஆசை காட்டி நம்ம ஊர்ல கடையை மூடிச்சுன்னு பெரியவங்களைக் கேளுங்க. அதுக்காகவே 1997ல தமிழ்நாடு தனியா ஒரு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்துச்சு. அர்பத்நாட்டும் பேங்க் இல்லை, பேங்க் மாதிரி. அந்த 'மாதிரி'ல போட்டவங்களுக்குத்தான் அடி. யாராவது ரெண்டு பர்சென்ட் கூடத் தரேன்னு சொன்னா, வட்டியைக் கேக்கறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் இருக்கான்னு கேளுங்க.

டிஸ்கி: நான் நிதி ஆலோசகர் இல்லீங்க, பொட்டி தட்டற ஆளு. பணம் போடறதுக்கு முன்னாடி பேங்க்லயே ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க :-)