விசையின் அடியில் காந்தம்

தஞ்சோங் பகாரில் குடியிருக்கும் என் நண்பர் ஒருவரின் மகன் சென்ற மாதம் ஒரு சிறு பொட்டலத்தோடு என்னைக் காண வந்தான். கணினியின் விசைப்பலகையில் பொருத்தும் காந்தச் சுவிட்சுகள் எழுபது அதில் இருந்தன. தன் பலகையில் இருந்த பழைய சுவிட்சுகளைப் பிடுங்கிவிட்டு இவற்றைப் பொருத்திப் பார்த்திருக்கிறான். குழிகளில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தன; எழுத்து மூடிகளும் மேலே சரியாக அமர்ந்தன. ஆனால், அழுத்தினால் திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. "வெளியே எல்லாம் பொருந்துகிறது, உள்ளே ஏன் பொருந்தவில்லை, மாமா?" என்றான். விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தட்டச்சுப் பொறியில் இந்த வினாவுக்கே இடமில்லை. அங்கே விசையும் எழுத்தும் ஒரே உடம்பு. விசையை அழுத்தினால் நெம்புகோல் எழும்பி அச்செழுத்தை நாடாவின்மேல் அறையும். வண்டி ஓரெழுத்து இடம் நகரும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் எழுத்தராகப் பணிபுரிந்த இரா. முத்தையா, 247 தமிழெழுத்துகளையும் இத்தகைய பொறிக்குள் அடக்க முற்பட்டபோது 'நகரா விசை'யைத் துணைக்கொண்டார். விசிறியை அடித்தால் வண்டி நகராது நிற்கும். பின்னர் 'வ' அடித்தால் அதே இடத்தில் விழுந்து 'வி' ஆகிவிடும். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் சைடல் நௌமன் நிறுவனத்தார் அவருக்காகப் பொறிகள் செய்து தந்தனர். எழுதும் முறை அவ்வாறு இரும்பிலேயே அமைந்துவிட்டது. அதை மாற்ற விரும்பினால் இரும்பைத்தான் மாற்ற வேண்டும்.

கணினி இந்தப் பிணைப்பை அறுத்தது. கணினியின் விசை "நான் அழுத்தப்பட்டேன்" என்று மட்டுமே அறிவிக்கிறது; எந்த எழுத்து என்பதை முடிவு செய்வது நிரல். ஆகவேதான் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியால் வேறொரு தமிழ் விசைமுறையை அமைக்க முடிந்தது. 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்நெட் 99 முறைக்கு அது பெரிதும் ஆதாரமாயிற்று. ஆங்கிலப் பலகையில் ஒரு சுவிட்சைக்கூட மாற்றாமலே இது நடந்தது. பழைய தட்டச்சு முறையில் பழகிய விரல்களுக்கும் அதே பலகையில் இடமிருந்தது.

ஆனால் 'அழுத்தப்பட்டேன்' என்று சொல்லும் வழி ஒன்றல்ல. கடைக்காரர்கள் 'மெக்கானிக்கல்' என்று சொல்லும் சுவிட்சில் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்கின்றன, மின்சாரம் பாய்கிறது. தகடு தேயும், தூசி படியும், தொடும்போது நொடியில் ஆயிரத்திலொரு பங்கு சில முறை துள்ளவும் செய்யும். இதற்கு மாற்றுத் தேடியவர்கள் காந்தத்திடம் சென்றனர். 1879இல் அமெரிக்க மாணவர் எட்வின் ஹால், மின்சாரம் ஓடும் பொன் தகட்டின் அருகே காந்தத்தை வைத்தால் தகட்டின் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் பிறப்பதைக் கண்டிருந்தார். ஹனிவெல் நிறுவனத்தின் மைக்ரோ சுவிட்ச் பிரிவு 1968 வாக்கில் இதை விசைப்பலகைக்குக் கொண்டுவந்தது. தொடும் தகடே இல்லை. ஆகவே தேய்மானமும் இல்லை. விலைதான் அதிகம். செர்ரி நிறுவனம் 1983இல் வெளியிட்ட எம்.எக்ஸ். என்னும் தொடுமுனைச் சுவிட்சு பிற்காலத்தில் பரவலாகி, அதன் சிலுவை வடிவத் தண்டு ஏறத்தாழ ஒரு பொது அளவாயிற்று. இன்றைய காந்தச் சுவிட்சுகளும் அந்தத் தண்டையே கடன் வாங்கியிருக்கின்றன. இளைஞன் ஏமாந்தது இங்கேதான்.

முன்னாளைய காந்தச் சுவிட்சு ஒவ்வொன்றிலும் காந்தமும் உணரியும் சேர்ந்தே இருந்தன. இன்று செலவைக் குறைக்க உணரியை அடியிலுள்ள மின்சுற்றுப் பலகைக்கு மாற்றிவிட்டார்கள். சுவிட்சில் மிஞ்சியவை காந்தமும் சுருள்வில்லும் கூடுமே. மின்சாரம் செல்லும் கால் அதற்கு இல்லை. தொடுமுனைச் சுவிட்சின் இரண்டு கால்களை எதிர்பார்த்திருக்கும் பலகைக்கு இது ஊமை. மறுபக்கம், காந்தப் பலகையில் தொடுமுனைச் சுவிட்சை வைத்தால் உணரிக்கு உணர ஒன்றுமில்லை.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் 1972 ஜூனில் முதல் கொள்கலன் கப்பல் வந்தபோது, அந்தப் பெட்டிகளை எந்த நாட்டுப் பளுதூக்கியும் தூக்க முடிந்தது. மூலைக் குழிகள் உலகெங்கும் ஒரே அளவில் இருந்தன. உள்ளே ரப்பரா, துணியா என்று பளுதூக்கி கேட்பதில்லை. பலகையோ உள்ளே இருப்பதைக் கேட்கிறது. காந்தச் சுவிட்சுகளுக்கிடையேகூட ஒற்றுமை போதாது: ஒருவர் வட துருவத்தைக் கீழ்நோக்கி வைக்கிறார், மற்றொருவர் தென் துருவத்தை, காந்த வலிமையும் வேறுபடுகிறது. பலகை எவ்வளவு ஆழம் அழுத்தப்பட்டது என்று அளந்து பார்ப்பதால், காந்தம் சற்று வலிமை குன்றினாலும் கணக்குப் பிழைபடும்.

இரு வகைக்கும் இடம் கொடுக்கும் பலகைகளும் இப்பொழுது வந்திருக்கின்றன. ஒவ்வொரு குழியிலும் உணரியும் வைத்து, கால்களுக்குரிய பிடிகளும் வைத்திருக்கிறார்கள். இரண்டு வேலைக்கும் கூலி வாங்குவதால் விலை ஏறும். எனக்கு இது இடைக்கால ஏற்பாடாகவே தோன்றுகிறது. மூலைக் குழிபோல் ஓர் அளவை உற்பத்தியாளர்கள் கூடி ஒப்புக்கொள்ளாதவரை வாங்குபவன்தான் இழப்பை ஏற்க வேண்டியிருக்கும்.

பையன் பழைய சுவிட்சுகளையே திரும்பப் பொருத்திவிட்டான். காந்தச் சுவிட்சுகளில் ஒன்றைப் பிரித்து, தண்டின் அருகே ஒரு குண்டூசியைக் கொண்டுபோனான். அது ஒட்டிக்கொண்டது. மற்ற அறுபத்தொன்பதையும் எந்தப் பலகை ஏற்கும் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.