ஆங்கிலத்தில் அகலமும் பரப்பும் உணர்த்தும் சொற்கள்

ஒரு பொருள் எத்துணை அகன்றது, எத்துணை பரந்தது என்று கூற ஆங்கிலத்தில் பல சொற்கள் உள. ‘பிராட்’, ‘வைட்’, ‘எக்ஸ்டென்ட்’, ‘ஸ்கோப்’, ‘லாட்டிட்யூட்’, ‘ரேஞ்ச்’ என்பன அவற்றுட் சில. இவற்றுட் பலவற்றைப் ‘பரப்பு’ என்னும் ஒரு சொல்லாலேயே தமிழாக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வழக்கம் பொருந்துமா என்பதை அச்சொற்களின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

உடலும் ஏரும்

மாந்தர் தம் உடலையே பழைய அளவுகோலாகக் கொண்டனர். ‘ஃபேதம்’ என்பதன் பழைய ஆங்கில வடிவம் விரித்த இரு கைகளையும், அக்கைகளால் தழுவுதலையும் குறித்தது. பின்னர் அது 6 அடி கொண்ட அளவையாகி, நீரின் ஆழம் காணும் மாலுமிகளின் சொல்லாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் ஒன்றன் உட்பொருளை ஆழ்ந்தறிதல் என்னும் பொருளையும் பெற்றது. நம் சாண், முழம், பாகம் என்பனவும் உடலிற் பிறந்த அளவைகளே. அவற்றுள் பாகம் விரித்த கைகளின் அளவாதலின் ‘ஃபேதம்’ என்பதனோடு முற்றும் ஒக்கும். சங்கச் செய்யுட்களில் ‘அகலம்’ என்பது மார்பைக் குறித்தலும் நினையத்தக்கது. ஆங்கிலத்தில் உறுப்பின் பெயர் அளவுக்கு ஆகி வந்தது; தமிழில் அளவின் பெயர் உறுப்புக்கு ஆகி வந்தது. திசை வேறாயினும் இயைபு ஒன்றே.

உடலை அடுத்து நின்றது ஏர். ‘பர்லாங்’ என்பது ‘சால்’, ‘நெடிய’ எனப் பொருள்படும் இரு சொற்கள் இணைந்தது. பொதுவயலில் உழுசாலின் நீளமே அது. ‘ஏக்கர்’ முதலில் வயல் என்றே பொருள்பட்டது. பின்னர் ஒரு பர்லாங் நீளமும், அதிற் பத்தில் ஒரு பங்கு அகலமும், அஃதாவது 220 கெசமும் 22 கெசமும் கொண்ட நிலம் ஏக்கர் என வரையறை பெற்றது.

அகலத்திற்கு இரு சொற்கள்

‘பிராட்’, ‘வைட்’ இரண்டும் பழைய ஆங்கிலத்திலேயே வழங்கியவை. முன்னது பொருளின் மேற்பரப்பு விரிந்து கிடத்தலை நோக்கியது; பின்னது இரு கரைகளுக்கு இடைப்பட்ட வெளியையும் தொலைவையும் நோக்கியது. அகன்ற தோளுக்கு முன்னதும், திறந்த வாய்க்குப் பின்னதும் இன்றும் உரியன. எக்சிட்டர் ஏட்டிலுள்ள பழம்பாடல் ஒன்றில் பல நாடு சுற்றிய பாணன் ‘விட்சித்’ எனப்படுகின்றான். நெடும்பயணத்தான் என்பது அப்பெயரின் பொருள்.

இவற்றின் பண்புப் பெயர்கள் காலத்தாற் பிந்தியவை. நீளத்தைக் குறிக்கும் ‘லெங்த்’ என்பதன் ஈற்றைப் பின்பற்றி எழுந்த ‘பிரெட்த்’ 16ஆம் நூற்றாண்டளவில் நிலைபெற்றது. அதனைப் பின்பற்றி 17ஆம் நூற்றாண்டில் ‘விட்த்’ எழுந்தது. 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இதனைத் தாழ்ந்த சொல் என்று குறித்தார். எனினும் வழக்கு அவர் தீர்ப்பை ஏற்கவில்லை. மொழியின் அமைப்போடு இயைந்து பிறந்த சொல்லைப் புலவர் இகழினும் மக்கள் கைவிடார் என்பது இதனாற் பெறப்படும்.

மன்றமும் வில்லும்

‘எக்ஸ்டென்ட்’ நீட்டுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்து, பிரெஞ்சின் வழியே ஆங்கிலச் சட்டத்துட் புகுந்தது. இடைக்காலத்தில் ஒரு பண்ணையின் நிலங்களை அளந்து, அவற்றின் மதிப்பை வரைந்த ஆவணமே இப்பெயர் பெற்றது. கடனுக்காக நிலத்தை மதிப்பிட்டுக் கைப்பற்றும் ஆணைக்கும் இப்பெயர் வழங்கியது. ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் இச்சொல் இப்பொருளில் வருகின்றது. விரிவு என்னும் பொதுப்பொருள் சட்டப்பொருளுக்குப் பிற்பட்டது. அளந்து முடிந்த எல்லை என்னும் சாயல் இன்றும் இச்சொல்லை விட்டு நீங்கவில்லை.

‘ஸ்கோப்’ இதனின் வேறானது. கிரேக்கத்தில் இதன் மூலம் காவலனையும், எய்வோன் நோக்கும் இலக்கையும் குறித்தது. எட்மண்ட் ஸ்பென்சர் 1579இல் வெளியிட்ட ‘ஷெப்பர்ட்ஸ் காலண்டர்’ என்னும் நூலின் நவம்பர்ப் பகுதியில் ‘வைட்’, ‘ஸ்கோப்’ இரண்டும் ஓரடியிலேயே வருகின்றன. அங்கே அகன்று செல்லும் எய்தல் ‘வைட்’. அது தப்பிய குறி ‘ஸ்கோப்’. இலக்கு நோக்கமாகி, நோக்கம் செயலுக்குரிய இடமாகி, இறுதியில் பரப்பெனும் பொருள் வந்தது.

தமிழாக்கத்திற்கு ஒரு குறிப்பு

இவ்வரலாறு நமக்குப் பயன்படுமாறு யாது? ‘லாட்டிட்யூட்’ என்பது அகலம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பண்டையோர் அறிந்த நிலவுலகம் கிழக்கு மேற்காக நீண்டும் வடக்குத் தெற்காகக் குறுகியும் இருந்தமையின், வடக்குத் தெற்களவு அகலம் எனப்பட்டது. ‘அகலாங்கு’ என்னும் தமிழாக்கம் அம்மூலப் பொருளைக் காத்துள்ளது. ‘ரேஞ்ச்’ பிரெஞ்சில் வரிசையைக் குறித்த சொல்லின் வழிவந்தது. புள்ளியியலில் அதனை ‘வீச்சு’ என்கின்றோம். மூலத்தின் படிமத்தை விடுத்து, வீசுதல் என்னும் நம் தொழிலினின்று எடுத்த சொல் இது. நெறி இரண்டாயினும் ஒவ்வொன்றிலும் ஒரு தெளிவான காட்சி உண்டு. அதனாலேயே இரண்டும் பொருந்துகின்றன.

‘ஸ்கோப்’ என்பதைப் ‘பரப்பு’ என்னும்போது அக்காட்சி மறைகின்றது. ஆய்வேட்டின் முகப்பில் ‘ஆய்வுப் பரப்பு’ என எழுதும் மாணவர் நூல்களையும் நூற்றாண்டுகளையும் எண்ணிக் காட்டி அமைகின்றனர். அஃது ‘எக்ஸ்டென்ட்’ மட்டுமே. ஆய்வு எதனைக் குறியாகக் கொண்டது, அக்குறிக்கு எவ்வளவு களம் வேண்டும் என்பதே ‘ஸ்கோப்’ வினவுவது. முன்னதற்குப் ‘பரப்பளவு’ என்பதையும், பின்னதற்கு ‘இலக்கெல்லை’ என்பதையும் கொள்ளலாம் எனக் கருதுகின்றோம். இவற்றினும் பொருந்துவன உளவேல் அறிஞர் தேர்க. இரண்டினையும் ஒரு சொல்லுள் அடக்குதல் மட்டும் கூடாது. குறியற்ற பரப்பு ஆய்வாகாது.