காம்பை அறுக்கும் நாள்: மூக்கு ஒட்டும் தொழிலின் வரலாறு

மூக்கிழந்தவர்களுக்குப் புது மூக்கு அமைத்துத்தரும் தொழில் மராட்டிய நாட்டில் வழிவழியாக நடந்துவந்ததை, 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் அச்சான ஒரு கடிதம் ஐரோப்பிய மருத்துவர்களுக்குத் தெரிவித்தது. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர், திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்திருந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், புனே அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கு அமைத்தார். நோயாளியின் பெயரும், இச்சிகிச்சையை நேரில் கண்ட ஆங்கில மருத்துவர் இருவரின் பெயர்களும் பதிவாகியிருக்க, அரிய கைத்திறன் படைத்த அந்த மனிதரின் பெயர் மட்டும் விடுபட்டிருப்பது வருந்தத்தக்கது.

சுசுருத சம்ஹிதை கன்னத்துத் தோலைக்கொண்டு மூக்கமைக்கும் முறையைக் கூறுகிறது. புனேயில் கையாளப்பட்டதோ நெற்றித் தோல். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் வடிவில் அமைத்துப் பின் தட்டையாக்கி, அதை நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடிட்டு, அக்கோட்டின்வழியே தோலைக் கீறி உரித்தபோதும், இரு கண்களுக்கு இடையே ஒரு சிறு பகுதியை மட்டும் அறுக்காமல் விட்டனர். காம்பு எனப்படும் இப்பகுதியின் வழியாகவே, கீழே திருப்பப்பட்ட தோல்மடலுக்கு இரத்தம் தொடர்ந்து பாய்ந்தது. பழைய வடு ஆறிய புண்ணாதலால் அதன்மேல் எதுவும் ஒட்டாது என்றறிந்து, அவ்வடுவைச் சீவிப் புதுப்புண்ணாக்கிய பின்னரே மடலின் ஓரத்தைப் பொருத்தினர். தையல் எதுவும் போடப்படவில்லை. வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணித்துண்டுகளில் தடவி, ஐந்தாறு அடுக்காக ஒட்டினர். நான்கு நாள்களுக்குப்பின் அவற்றை நீக்கி நெய்யில் தோய்த்த துணியை இட்டு, ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளில் காம்பை அறுத்தனர்.

இந்தக் காத்திருப்பே தொழிலின் உயிர்நாடி. புண்ணின் இரு ஓரங்களிலும் நார்ச்செல்கள் பெருகி, கொலாஜன் என்னும் புரத நாரை உண்டாக்கி இடைவெளியைப் பிணைக்கின்றன. அதே வேளையில் தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக்குழாய்கள் புதிதாக முளைத்து மடலுக்குள் புகுகின்றன. அவை போதிய அளவு வளருமுன் காம்பை அறுத்தால் மடல் கருகி அழுகும். இவ்வுயிரியலை அறிய வழியில்லாத காலத்திலேயே, அறுக்கத்தக்க நாளைத் தொழிலாளர்கள் அனுபவத்தால் கண்டறிந்திருந்தனர்.

லண்டன் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ இம்முறையைப் பிணங்களில் நெடுங்காலம் பயின்று, 1814இல் ஒரு படை அதிகாரிக்குச் செய்து வெற்றிகண்டு, 1816இல் நூலாக வெளியிட்டார். தோல் புற்றுநோயால் மூக்கின் பகுதியை இழந்தவர்களுக்கு இன்றும் நெற்றி மடலே பெரிதும் பயன்படுகிறது. அதன் காம்பு பெரும்பாலும் மூன்று வாரங்கள் கழித்தே அறுக்கப்படுகிறது.